பேத்தை மீனும் மந்திரக் கிழவரும்

போன வாரம் ஒருநாள் விடியற்காலை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். வஞ்சிரத்துக்கு ஏலம் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு தம்பி, விசைப்படகிலிருந்து இறக்கிய மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். குவியலுக்குள் ஒரு பேத்தை மீன் கிடந்தது. உப்பிய வயிறு, விஷம் உள்ள மீன். தூக்கிப் போட வேண்டியதுதான். ஆனால் அவன் போடவில்லை. வாலைப் பிடித்துத் தூக்கி, கண்ணை மூடி, ஆட்டி ஆட்டி ஏதோ மந்திரம் சொன்னான். சுற்றி இருந்த நாலு பேரும் கூடவே சொன்னார்கள். ஒரே சிரிப்பு!

எனக்குப் புரிந்துவிட்டது. ‘ஜாக்கி சான் அட்வென்சர்ஸ்’!

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 2000 முதல் 2005 வரை ஐந்து பருவங்களாக, 95 பகுதிகள் வந்த கார்ட்டூன் தொடர் இது. ஜாக்கி ஒரு தொல்பொருள் ஆராய்ச்சியாளர். சொன்ன பேச்சு கேட்காத சுட்டிப்பெண் ஜேட். பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர், அவர் பெயரே ‘அங்கிள்’தான். பன்னிரண்டு மந்திரக் கற்கள், ஒவ்வொன்றிலும் ஒரு விலங்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சக்தி. முயல் கல் இருந்தால் வேகம், பாம்புக் கல் இருந்தால் மாயமாய் மறையலாம். கெட்ட மந்திரத்தை அங்கிள் எதிர்கொள்ளும் ஆயுதங்களில் ஒன்று, காய்ந்துபோன பேத்தை மீன்!

சன் குழுமம் 2007-ல் தொடங்கிய சுட்டி டிவியில் இந்தத் தொடர் தமிழ் பேசியது. அதே காலத்தில்தான் அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி வீடுவீடாக வந்துகொண்டிருந்தது. பதினாலு அங்குலப் பெட்டி, அதற்கு முன்னால் தெருப்பிள்ளைகள் பாதிப்பேர். கோடை விடுமுறை என்றால் இன்னும் விசேஷம். ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலம். அப்போது 45 நாள், இப்போது 61 நாள். கடலுக்குப் போகிற அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள். மடியில் வலையை வைத்துக்கொண்டு, கிழிசலைத் தைத்தபடியே அவர்களும் பார்ப்பார்கள். அடுப்பங்கரையிலிருந்து ஆயா எட்டிப் பார்ப்பார். எல்லோரையும் அதட்டிக்கொண்டே இருக்கும், பேசி முடித்துவிட்டுப் போனவர் திரும்பி வந்து இன்னொரு விஷயம் என்று ஆரம்பிக்கும் அந்தக் கிழவர், எந்த வீட்டில்தான் இல்லை?

குழந்தைக்கு ஜேட், அப்பாவுக்கு ஜாக்கியின் சண்டை, ஆயாவுக்கு அங்கிள். வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் அதில் ஓர் ஆள் இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் இந்தத் தொடர் மறக்காமல் இருக்கக் காரணம் அதுதான் என்று நினைத்திருந்தேன். அந்தத் தம்பியிடம் பேசியபோது இன்னொரு காரணம் கிடைத்தது.

“உனக்கு அதுல யாரைப் பிடிக்கும் தம்பி?”

“டோருக்கா.” யோசிக்கவே இல்லை.

டோரு மலை மாதிரி உடம்புக்காரன். முதலில் வில்லன் கூட்டத்து அடியாள். அப்புறம் மனம் மாறி ஜாக்கி பக்கம் வருகிறான். அங்கிளின் வீட்டிலேயே தங்கி, அவரிடம் திட்டு வாங்கி, மந்திரம் கற்றுக்கொள்ளும் சீடனாகிறான்.

“எல்லாரும் அவனைப் பாத்தாலே பயப்படுவாங்க. அந்தக் கிழவரு மட்டும் உள்ள கூப்ட்டு வேலை குடுத்தாரு. நான் ஒரு கம்பெனி வேலைக்குப் போனேங்க்கா. எந்த ஏரியான்னு கேட்டாங்க. காசிமேடுன்னேன். அவ்ளோதான், மூஞ்சி மாறிப்போச்சு. அப்புறம் கூப்பிடவே இல்ல.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

வடசென்னை என்றால் நம் சினிமாவுக்கு அரிவாள்தான் ஞாபகம் வருகிறது. இருட்டில் படகேறி, விடிவதற்குள் நம் வீட்டுக் குழம்புக்கு மீன் கொண்டுவரும் கைகள் அதில் அவ்வளவாகத் தெரிவதில்லை. அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த ஊரில், பிள்ளைகளுக்கு வேறு கதை சொன்னது ஒரு கார்ட்டூன். அடியாளாக இருந்தவனுக்கே ஒரு வீடு கிடைக்கும் என்றது. ஒரு தப்பும் செய்யாத இந்தப் பிள்ளைக்கு, ஊர்ப் பெயரைக் கேட்டதுமே கதவை மூடுகிறோம்.

மந்திரக் கல்லும் டிராகனும் குழந்தைகளை இழுத்து உட்கார வைத்தன, சரி. ஆனால் வளர்ந்த பிறகும் மனதில் நின்றது, திட்டிக்கொண்டே சோறு போடும் அந்தக் கிழவரின் வீடு. உங்கள் வீட்டுப் பிள்ளை இன்று பழைய பகுதிகளைச் செல்போனில் தேடிப் பார்த்தால், ஒருநாள் பக்கத்தில் உட்காருங்கள். டோரு உள்ளே வரும் இடம் வந்தால், அதைப் பற்றிப் பேசுங்கள்.

நான் கிளம்பினேன். பத்தடி நடந்திருப்பேன். பின்னாலிருந்து குரல்.

“அக்கா, இன்னொரு விஷயம்!”

திரும்பினேன். பேத்தை இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

“வஞ்சிரம் வேணும்னா கொஞ்சம் லேட்டா வாங்க. வெலை எறங்கும்.”