ஒரு திரைச்சீலை மாட்டக் கூடாதா?

நெஞ்சு வலிக்கிறது என்று எங்கள் தெருவில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கால் மணி நேரத்தில் வைத்தியம் வந்து குவிந்துவிடும். எதிர்வீட்டு அக்கா ஓமத் தண்ணீரோடு வருவாள். மாடிவீட்டு மாமி இஞ்சியும் சீரகமும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைக்கச் சொல்வாள். வீட்டுக்காரர் செய்தித்தாளை மடிக்காமலே, "நேத்து ராத்திரி உருளைக்கிழங்கு வறுவலை ஒரு பிடி பிடிச்சேல்ல, அதான்" என்று தீர்ப்பு எழுதிவிடுவார். சென்னையில் இருக்கிற மகன் போனில், "கேஸ்தாம்மா. ஒரு ஜெலுசில் போடு. ஓவரா யோசிக்காத" என்பான். மருந்துக்கடைத் தம்பியிடம் நான் வாயே திறக்க வேண்டாம். நெஞ்சில் கை வைத்தபடி போய் நின்றாலே ஈனோ பாக்கெட்டை எடுத்து நீட்டுவான். ஆளுக்கொரு வைத்தியம் இருக்கிறது. "வா, டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம்" என்று செருப்பை மாட்டுகிற ஆள்தான் இல்லை.

நீயே போகவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எனக்கு டாக்டர் என்றாலே பயம். ஊசிக்குப் பயப்படுகிற வயசெல்லாம் தாண்டியாயிற்று. இது அந்தப் பயம் இல்லை. அந்த அறைக்குள் போய்விட்டு வெளியே வரும்போது நான் எவ்வளவு சின்னவளாகிப்போகிறேன் என்பதுதான் என் பயம்.

வலி ஒன்றும் ஊரைக் கூட்டுகிற வலி இல்லை. இடது மார்புக்குக் கீழே ஓர் அழுத்தம்; சில நாள் சுருக்கென்று ஒரு குத்து. பகலில் வேலையில் கிடந்தால் தெரியாது. விளக்கை அணைத்துப் படுத்ததும் வந்துவிடும். இடது கை மரத்திருக்கிறதா என்று அசைத்துப் பார்ப்பேன். பார்க்கப் பார்க்க நிஜமாகவே மரத்த மாதிரி இருக்கும். மணிக்கட்டில் நாடியைப் பிடித்தால் ஓடும். இப்படி ஓடுகிறதே என்று பதறினால் இன்னும் வேகமாக ஓடும். பயத்திலேயே நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும், வியர்த்துக் கொட்டும் என்கிறார்கள். மாரடைப்பும் இதையேதான் செய்யும். நடுராத்திரியில் படுக்கையில் கிடந்துகொண்டு இது பயமா, அதுவா என்று எந்த மனுஷியால் பிரித்துப் பார்க்க முடியும்? அத்தனை படித்த டாக்டருக்கே அதற்கு ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் வேண்டியிருக்கிறது.

ஆனாலும் போனால் என்ன நடக்கிறது? டோக்கன் வாங்கி, காத்திருந்து, முதலில் பி.பி. பார்க்கிற நர்ஸ் முன்னால் உட்கார வேண்டும். பட்டையைக் கையில் சுற்றும்போதே எனக்குப் படபடக்கத் தொடங்கிவிடும். வீட்டில் ஒழுங்காக இருக்கிற பி.பி. அங்கே எகிறி நிற்கும். ஆஸ்பத்திரியைக் கண்டாலே ஏறுகிற இந்த ரத்த அழுத்தத்துக்கு 'வெள்ளைக்கோட்டு ரத்த அழுத்தம்' என்று மருத்துவத்திலேயே பெயர் உண்டு. ஆனால் அந்தப் பெண் வரிசை முழுக்கக் கேட்கும்படி, "என்னம்மா இவ்ளோ ஏறியிருக்கு? மாத்திரை ஒழுங்கா போடுறதில்லையா?" என்பாள். எனக்குப் பி.பி. மாத்திரையே கிடையாது என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவாள்.

உள்ளே டாக்டர் ஈசிஜி தாளைப் புரட்டுவார். என் முகத்தைப் பார்க்க மாட்டார். "ஒண்ணுமில்லம்மா. டென்ஷன். வாக்கிங் போங்க." அவ்வளவுதான். ஒன்றுமில்லை என்பது நல்ல செய்திதான், கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் வலிக்கிறதே? ஒன்றுமில்லாதது எப்படி வலிக்கும்? தசைப்பிடிப்பா, நெஞ்செரிச்சலா, விலா எலும்பு சேர்கிற இடத்து வீக்கமா? மறுபடி வலித்தால் வரலாமா, கூடாதா? எதற்கும் பதில் இல்லை. கதவைத் தாண்டுவதற்குள், "இதுக்கெல்லாம் வந்து கூட்டம் சேர்க்கறாங்க" என்று யாரோ முணுமுணுப்பது காதில் விழும்.

சரி, இதுக்கெல்லாம் வரக்கூடாது போலிருக்கிறது என்று வீட்டில் கிடந்தால்? எங்கள் தெருவில் ஒரு பெரியவர் அப்படித்தான் கிடந்தார். வாயு என்று சோடா குடித்தார். முதுகை நீவிவிடச் சொன்னார். விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, "இவ்ளோ நேரம் என்னய்யா பண்ணிட்டிருந்தீங்க? படிச்சவங்கதானே?" என்று பிள்ளைகளை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். போனாலும் திட்டு, போகாவிட்டாலும் திட்டு. வலி வந்தவன் எந்த நிமிஷம் வந்தால் உங்களுக்குத் தோதாக இருக்கும் என்று ஒரு பலகையில் எழுதிப் போட்டுவிடுங்களேன்!

இதில் பெண்பிள்ளைக்குக் கூடுதலாக ஒன்று இருக்கிறது. யாரும் வெளியே பேசுவதில்லை, நான் பேசிவிடுகிறேன். ஈசிஜி எடுக்கச் சில நிமிஷம் போதும், வலிக்காது, செலவும் பெரிதில்லை. ஆனால் மார்பின் குறுக்கே ஆறு இடத்தில் ஒட்ட வேண்டும். ரவிக்கையைக் கழற்றியாக வேண்டும். கதவு பாதி திறந்திருக்கும். பக்கத்துக் கட்டில் நோயாளியின் மருமகன் சுவரோரமாக நின்று போன் பார்த்துக்கொண்டிருப்பான். எடுக்க வருகிறவன் என் மகன் வயசுப் பையன். "சீக்கிரம்மா, ஆள் வெயிட்டிங்" என்பான். முந்தானையை எங்கே வைப்பது, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் மல்லாந்து கிடக்கும்போது, இதயத்தில் கோளாறு இல்லாவிட்டாலும் வந்துவிடும் போலிருக்கும். வலியைப் பொறுத்துக்கொண்டாலும் பொறுத்துக்கொள்வேன், அந்த மேஜையில் மறுபடி ஏற மாட்டேன் என்று என்னிடம் சொன்ன பெண்கள் உண்டு. அவர்களை அசடுகள் என்று நான் சொல்ல மாட்டேன்.

டாக்டர்கள் கழுத்தில் மாலையாகப் போட்டிருக்கிறார்களே ஸ்டெதஸ்கோப், அது எப்படிப் பிறந்தது என்று அவர்களுக்கு யாராவது நினைவுபடுத்தினால் தேவலை. அதற்கு முன்பெல்லாம் நோயாளியின் மார்பில் நேரே காதை வைத்துத்தான் கேட்பார்கள். 1816-ல் பாரிஸில் ரெனே லென்னெக் என்ற மருத்துவரிடம் இதயக் கோளாறோடு ஓர் இளம்பெண் வந்தாள். அவள் மார்பில் காதை வைக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு காகிதக் கட்டைக் குழல்போலச் சுருட்டி, ஒரு முனையை அவள் நெஞ்சிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். நேரே காதை வைத்ததைவிடத் தெளிவாகவே கேட்டது. அப்புறம் மரத்தில் குழல் செய்துகொண்டார். ஆக, ஒரு பெண்ணின் மார்பில் காதை வைக்கக் கூசிய டாக்டரால் பிறந்த கருவி அது. அதைத் தினமும் தோளில் சுமப்பவர்களுக்கு, ஈசிஜி அறையில் ஒரு திரைச்சீலை மாட்டவும், எடுப்பதற்கு ஒரு பெண்ணை நிறுத்தவும், மேலே போர்த்திக்கொள்ள ஒரு துணி கொடுக்கவும் தோன்றவில்லையே! இருநூறு வருஷத்தில் கருவி எங்கேயோ போய்விட்டது. மரியாதை அந்தக் காகிதச் சுருளோடு நின்றுவிட்டது.

பெண்களுக்கு நெஞ்சுவலி என்றால் டென்ஷன், மெனோபாஸ், மாமியார் சண்டை. இந்த அலட்சியமும் நேற்று வந்ததில்லை. நடக்கும்போது நெஞ்சை அடைத்து, நின்றால் விடுகிற வலியை முதன்முதலில் விரிவாக எழுதிவைத்தவர் வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர். அவர் இறந்தபின் 1802-ல் வெளிவந்த நூலில், தான் பார்த்த ஏறக்குறைய நூறு நோயாளிகளில் பெண்கள் மூன்றே பேர் என்று கணக்குச் சொல்லியிருக்கிறார். மற்ற பெண்களுக்கெல்லாம் வலியே வரவில்லையா, வந்தும் சொல்லவில்லையா, சொல்லியும் யாரும் கேட்கவில்லையா என்று அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது, சினிமாவில் கதாநாயகனின் அப்பா நெஞ்சைப் பிடித்துச் சாய்கிற மாதிரிதான் வரவேண்டும் என்றில்லை. மூச்சு வாங்கலாம், தாடை, மேல்முதுகு வலிக்கலாம், குமட்டலாம், காரணமில்லாமல் கை கால் ஓய்ந்துபோகலாம். சர்க்கரை நோய் இருந்தால் வலியே இல்லாமலும் வரலாம். இதையெல்லாம்தான் நாங்கள் வேலை அலுப்பு என்று தைலம் தடவித் தூங்கவைத்துக்கொண்டிருக்கிறோம்.

டாக்டர் சொல்லாததை வாட்ஸாப் சொல்லிக்கொடுக்கிறது. மாரடைப்பு வந்தால் தொடர்ந்து இருமுங்கள், தப்பிவிடலாம் என்று ஒரு செய்தி வருஷக்கணக்காகச் சுற்றுகிறது. மிளகாய்த்தூளைத் தண்ணீரில் கலக்கிக் குடி என்று இன்னொன்று. இரண்டும் பொய். இருமிக்கொண்டிருக்கிற நேரத்தில் உதவிக்கு ஆள் கூப்பிட்டிருக்கலாம். இல்லாவிட்டால், நாம் டாக்டரிடம் ஓடுவதற்கு யாராவது ஒரு நடிகர் போய்ச்சேர வேண்டும். 2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் திடீரென்று இறந்ததும், பெங்களூர் ஜெயதேவா மருத்துவமனையில் நெஞ்சைக் காட்டக் கூட்டம் அலைமோதியது. பயம் வந்து ஓடியவர்களைக் கேலி செய்தார்கள். ஏன் கேலி? அதற்கு முன்னால் அத்தனை பேரும் அந்தச் சந்தேகத்தை நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டுதானே திரிந்திருக்கிறார்கள்?

எனக்கு டாக்டர் இரண்டு நிமிஷம் ஒதுக்கிச் சொல்லியிருக்க வேண்டியதை நான் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு ஈசிஜி ஒழுங்காக இருந்தால் அதோடு கதை முடிந்துவிடாது. அந்த நேரத்துக் கோடு அது, அவ்வளவுதான். இதயத் தசை காயப்பட்டால் ட்ரோபோனின் என்ற பொருள் ரத்தத்தில் கூடும். கூடுவதற்குச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் சிலரை இருத்திவைத்து மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். பணம் பிடுங்குகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அவர்களும் விளக்குவதில்லை. விரலால் தொட்டுக் காட்டுகிற மாதிரி ஓரிடத்தில் வலித்து, அழுத்தினால் கூடுகிற வலி பெரும்பாலும் இதயத்தால் வருவதில்லை. ஆனால் அதை உறுதி செய்ய வேண்டியது டாக்டர், நானோ எதிர்வீட்டு அக்காவோ இல்லை. நெஞ்சில் பாரம் ஏற்றிய மாதிரி அழுத்தம் சில நிமிஷத்துக்கு மேல் நீடித்தால், வியர்த்தால், கை, தாடை, முதுகுக்குப் பரவினால், மூச்சு முட்டினால் பயத்தோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். மகன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகக் கூடாது.

காசுக்குப் பயந்தும் பலர் வாய் திறப்பதில்லை. அடைபட்ட இதயக் குழாயைத் திறந்துவைக்கிற ஸ்டென்டின் விலை லட்சத்தைத் தாண்டிய காலம் உண்டு. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்டுக்கு வரி தவிர்த்து 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுகிறது. முதல்வர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலி என்று வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். இவ்வளவையும் செய்கிற அரசாங்கத்துக்குப் புண்ணியமாகப் போகட்டும். ஆனால் மாத்திரை சுகாதார நிலையத்தில் இருக்கிறது, நான் கட்டிலில் இருக்கிறேன். நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச தூரத்துக்கு யாரும் திட்டம் போடவில்லையே!

பயத்தை வைத்துக்கொண்டே போகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். வலி எப்போது வந்தது, என்ன செய்துகொண்டிருந்தேன், எவ்வளவு நேரம் இருந்தது, எப்படி விட்டது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்கிறேன். உள்ளே போனால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, தாள் பேசும். கூட்டம் சேர்வதற்கு முன்பே போய்விடுகிறேன். துணைக்கு வாயாடிகளை அழைத்துப் போவதில்லை. "இவ சும்மாவே பயந்துக்குவா டாக்டர்" என்று முந்திக்கொண்டு சொல்கிறவர் வீட்டிலேயே பேப்பர் படிக்கட்டும். உட்கார்ந்ததும், "எனக்கு இங்க வரவே பயம், அதனால பி.பி. ஏறியிருக்கும், கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை பாருங்க" என்று நானே சொல்லிவிடுகிறேன். ஒரு லேடி டாக்டர் இதைக் கேட்டுச் சிரித்தார். கேலியில்லாத சிரிப்பு. அன்றைக்குப் பாதி இறுக்கம் அங்கேயே விட்டுப்போயிற்று.

ஆகவே டாக்டரய்யா, டாக்டரம்மா, உங்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். நீங்களும் மனுஷர்கள்தான், சாப்பாட்டு நேரம் தவறுகிறது, தூக்கம் கெடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். உங்களிடம் நான் கேட்பது ஒரு வாக்கியம்: "நல்லவேளை வந்தீங்க. இப்ப ஒண்ணும் இல்ல. மறுபடி வலிச்சா யோசிக்காம வாங்க." இதைச் சொல்லக் கருவி வாங்க வேண்டாம், டெண்டர் விட வேண்டாம், அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டவும் வேண்டாம்.