மினி பிசி சர்வர் ஆகாது என்பவர்களுக்கு

"விர்ச்சுவல் மெஷின் ஓட்டணுமா? அதுக்கு சர்வர் வேணும். இந்த மினி பிசி எல்லாம் பொம்மை." வீட்டிலோ சிறு அலுவலகத்திலோ ஒரே பெட்டிக்குள் நாலைந்து மெய்நிகர்க் கணினிகளை ஓட்ட நினைக்கும் யாரும் இந்தத் தீர்ப்பைக் கேட்காமல் தப்ப முடியாது. சொல்பவர் பெரும்பாலும் பெரிய நிறுவனமொன்றின் ஐடி பிரிவில் இருப்பார். இரட்டை பவர் சப்ளை, ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றி மாட்டும் வட்டு, தொலைவிலிருந்தே இயக்கும் வசதி என்று பழகிய கண்ணுக்கு இந்தச் சின்னப் பெட்டி அற்பமாகத்தான் தெரியும். அவருடைய இடத்துக்கு அவர் சொல்வது சரி. நம் வீட்டு அலமாரிக்கும் அது சரியா என்பதே கேள்வி.

நான் பேசுவது இரண்டு வகைப் பெட்டிகளைப் பற்றி. ஒன்று, இன்டெல் என்100 பிராசஸருடன் புதிதாக வரும் மலிவுப் பெட்டி. மற்றது, கம்பெனிகள் கழித்துப்போட்டு சென்னை ரிச்சி தெருவிலும் இணையத்திலும் செகண்ட் ஹேண்டாகக் கிடைக்கும் டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி வகையறா. இரண்டிலும் போடப்போவது, மெய்நிகர்க் கணினிகளை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் என்ற திறமூல மென்பொருள்.

இவ்வளவு சின்ன பிராசஸர் தாங்காது என்பதுதான் வழக்கமாக முதலில் வரும் வாதம். கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையம், சிபி-40 என்ற அமைப்பை 1967 ஜனவரியில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. மெய்நிகர்க் கணினி என்று இன்று நாம் சொல்வதன் தொடக்கம் அங்கேதான். அது ஓடிய சிஸ்டம்/360 இயந்திரத்தின் நினைவகம் 256 கிலோபைட். அதில் ஒரே நேரத்தில் 14 மெய்நிகர்க் கணினிகள் வரை ஓடின. எப்படி முடிந்தது? கணினிகள் பெரும்பாலான நேரம் எதற்காவது காத்துக்கொண்டுதான் இருக்கின்றன: தட்டச்சுக்கு, வட்டுக்கு, வலையிலிருந்து வரும் பதிலுக்கு. ஒன்று காத்திருக்கும்போது இன்னொன்றை ஓட்டலாம். இந்தத் தொழில்நுட்பத்தின் மொத்த ரகசியமும் அவ்வளவே. அது இன்றும் மாறவில்லை. விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல், வீட்டுக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் ஹோம் அசிஸ்டன்ட், புகைப்படங்களை வைக்கும் நெக்ஸ்ட்கிளவுட் ஆகிய மூன்றும் நாளின் பெரும்பகுதியைச் சும்மா இருந்தே கழிக்கின்றன.

வன்பொருள் உதவி இல்லாவிட்டால் மெய்நிகர்க் கணினி நத்தை வேகத்தில் ஓடும் என்பது உண்மை. அந்த உதவியை இன்டெல் 2005 முதலே பிராசஸருக்குள் வைக்கத் தொடங்கிவிட்டது. அதைப் பயன்படுத்தும் கேவிஎம், 2007 பிப்ரவரியில் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. பிராக்ஸ்மாக்ஸ் ஓடுவதும் இதே கேவிஎம் மீதுதான். 2023-இல் வந்த என்100-இல் நான்கு கோர்கள். அறிவிக்கப்பட்ட மின்திறன் 6 வாட். மெய்நிகராக்கத்துக்கான விடி-எக்ஸ், வன்பொருளை நேரடியாக மெய்நிகர்க் கணினிக்கு ஒப்படைக்கும் விடி-டி இரண்டும் அதில் உண்டு. பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருந்தால் ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் எதிர்த்தரப்பு இங்கே ஒரு நல்ல வாய்ப்பைத் தவறவிடுகிறது. அவர்கள் கேட்டிருக்க வேண்டியது பிராசஸரைப் பற்றி அல்ல, ராமைப் பற்றி. பிராசஸர் நேரத்தைப் பத்துப் பேருக்குப் பங்கு போடலாம். ராமை அப்படிப் பங்கு போட முடியாது. என்100-க்கு இன்டெல் சொல்லும் அதிகபட்சம் 16 ஜிபி, அதுவும் ஒற்றை சேனல். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹோஸ்டான பிராக்ஸ்மாக்ஸுக்கு 2 ஜிபி, ஹோம் அசிஸ்டன்டுக்கு 2, நெக்ஸ்ட்கிளவுடுக்கு 3, ஹோஸ்டின் கெர்னலையே பகிரும் கண்டெய்னராக ஓடும் பை-ஹோலுக்கு அரை ஜிபி, கணக்கு மென்பொருளான டாலி போட ஒரு விண்டோஸுக்கு 6. பதிமூன்றரை ஆயிற்று. இன்னொரு விண்டோஸுக்கு இதில் இடமில்லை. இரண்டாவது விண்டோஸ் கட்டாயம் வேண்டுமென்றால் இரண்டு ராம் இடங்கள் உள்ள பழைய கம்பெனிப் பெட்டிக்குப் போய்விடுங்கள். அவற்றில் பெரும்பாலானவை 32 ஜிபி ஏற்கும். லினக்ஸ் வேலைகளை முழு மெய்நிகர்க் கணினியாக ஓட்டாமல் கண்டெய்னராக ஓட்டினாலும் ராம் நிறைய மிச்சமாகும். ஆக, எல்லை இருக்கிறது, அதை முன்கூட்டியே கூட்டிப் பார்த்துவிடவும் முடிகிறது. இதற்காகப் பெட்டியைப் பொம்மை என்பது நியாயமில்லை.

அடுத்த வாதம் கேட்க மிகக் கவர்ச்சியாக இருக்கும். "அதே காசுக்கு ஒரு பழைய ரேக் சர்வரே வாங்கலாமே! 64 ஜிபி ராம், இரண்டு ஜியான் பிராசஸர்!" வாங்கலாம்தான். கொண்டுவந்து மாட்டிய பிறகுதான் செலவே தொடங்கும். 2012 காலத்து இரட்டை ஜியான் சர்வர், வேலையே இல்லாதபோதும் 100 வாட் இழுப்பது சாதாரணம். 100 வாட் இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். மினி பிசி சும்மா இருக்கையில் 12 வாட் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 17 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு 2016 முதல் இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அந்த இலவசம் முழுவதையும் ரேக் சர்வர் ஒன்றே விழுங்கிவிட்டு மேலும் கேட்கும். போதாததற்கு நம் கட்டணம் படிப்படியாக ஏறுவது. இரு மாத நுகர்வு 500 யூனிட்டைத் தாண்டினால் மேல் படியின் விலை மட்டும் கூடுவதில்லை, கீழ்ப் படிகளில் கிடைத்துவந்த சலுகையும் சுருங்குகிறது. ஏற்கெனவே ஏசி ஓடும் வீட்டை அந்தக் கோட்டுக்கு மேலே தள்ளிவிட 144 யூனிட் தாராளம். இழுக்கும் 100 வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் அறைக்குள் இறங்கும். அதை வெளியேற்ற ஏசி தனியாக உழைக்க வேண்டும். சத்தத்தைப் பற்றி நான் சொல்வதைவிட, அந்தச் சின்ன விசிறிகள் முழு வேகத்தில் சுழலும் அறையில் ஒரு மதியம் தூங்கிப் பார்க்கலாம்.

வேகமாவது கூடுதலா? கோர்களின் எண்ணிக்கையில் ஆம். ஆனால் ஒரு கோருக்கு ஒரு கோர் வைத்து ஒப்பிட்டால், 2012-இல் வந்த ஜியான் இ5-2620-ஐ என்100 முந்திவிடும். அந்த ஜியானில் கிராபிக்ஸ் பகுதியும் கிடையாது. ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வரைப் போட்டு வீட்டு டிவிக்குப் படம் அனுப்பினால், வீடியோவை மாற்றும் வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழும். மினி பிசியில் அதைக் கிராபிக்ஸ் பகுதி சத்தமில்லாமல் செய்துவிடுகிறது.

"கம்பெனிகளே வேண்டாமென்று தூக்கிப்போட்ட பெட்டி" என்பதும் ஒரு குறையாகச் சொல்லப்படுகிறது. ஏன் தூக்கிப்போட்டார்கள்? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான பிராசஸர்களை ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் கூட்டமாகச் சந்தைக்கு வந்ததற்குக் காரணம் இதுதான். லினக்ஸுக்கு இந்த வரம்பு பொருட்டே இல்லை. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து ஆறு கோர் உள்ள ஐ5-8500டி பெட்டியை எடுப்பது என் விருப்பம். ஆனாலும் நான்கு கோர் ஐ5-6500டியைக் குப்பை என்று சொல்ல மாட்டேன்.

பிழையைத் தானே திருத்தும் ஈசிசி ராம் இல்லை என்பதைத்தான் எதிர்த்தரப்பு தன் கடைசி அஸ்திரமாக வைத்திருக்கிறது. ஈசிசி இல்லாத ராமில் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையைப் போட்டால் வட்டில் இருப்பதெல்லாம் தானே அழிந்துவிடும் என்று ஒரு பயமுறுத்தல் பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. இசட்எஃப்எஸ்ஸை உருவாக்கியவர்களுள் ஒருவரான மேத்யூ ஆரென்ஸே இதை ஏற்கவில்லை. மற்றக் கோப்பு முறைமைகளைவிட இசட்எஃப்எஸ்ஸுக்கு ஈசிசி கூடுதலாகத் தேவைப்படுவதில்லை என்பது அவர் சொன்னது. ஈசிசி நல்லது, கிடைத்தால் வேண்டாமென்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் உங்கள் ஆடிட்டரின் மேசைக் கணினியிலும், நீங்கள் வரி தாக்கல் செய்த மடிக்கணினியிலும் ஈசிசி இல்லை. பெட்டி வந்ததும் ஓரிரவு மெம்டெஸ்ட் ஓட்டி ராமைச் சோதித்துவிட்டு மேலே போகலாம்.

இருபத்து நான்கு மணி நேரமும் ஓடினால் எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற புகாரில் பாதி உண்மை உண்டு. பிராக்ஸ்மாக்ஸ் பதிவுகளை ஓயாமல் எழுதும் பழக்கமுள்ளது. 300 டெராபைட் எழுதும் ஆயுள் தரப்பட்ட 500 ஜிபி வட்டொன்றில் நாளுக்கு 50 ஜிபி எழுதினாலும் 16 ஆண்டு வரும். இசட்எஃப்எஸ்ஸும் தரவுத்தளமும் சேர்ந்து எழுத்தைப் பெருக்கினால் அது பாதியாகட்டும், கால்வாசியாகட்டும். அப்போதும் சில ஆண்டுகள் வரும். ஒற்றைப் பெட்டிதான் என்றால், பல பெட்டிகளைச் சேர்த்து ஓட்டுவதற்கான ஹெச்ஏ சேவைகளை நிறுத்திவிடலாம்; எழுத்து இன்னும் குறையும். புகாரின் மறுபாதிக்கு வருவோம். மலிவுப் பெட்டியோடு பெயரில்லாத எஸ்எஸ்டி ஒன்று வரும். அதை நம்பாதீர்கள். கழற்றிவிட்டு நல்ல வட்டு ஒன்றைப் போடுங்கள்.

மின்தடை? ஊரில் கரண்ட் போனால் சர்வருக்கும் மினி பிசிக்கும் ஒரே கதிதான். வேறுபாடு என்னவென்றால், மினி பிசி வீட்டு இன்வெர்ட்டரில் ஒரு சீலிங் ஃபேனைவிடக் குறைவாகவே இழுக்கும். இன்வெர்ட்டரின் பின்னால் உள்ள சுவிட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளி வையுங்கள். இல்லையேல் கரண்ட் மாறும் அந்த நொடியில் பெட்டி ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். மின்சாரம் திரும்பியதும் தானே எழும்படி பயாஸிலும் ஒரு தேர்வு இருக்கிறது.

மென்பொருள் செலவைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. மெய்நிகராக்க மென்பொருளில் பெரும்பெயரான விஎம்வேரைப் பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கியது. 2024 பிப்ரவரியில் அதன் ஹோஸ்ட் மென்பொருளான இஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பு நின்றுபோனது. 2025 ஏப்ரலில் ஓசைப்படாமல் திரும்பி வந்தது. இப்படித் தருவதும் பறிப்பதுமாக இருப்பவரை நம்பி வீட்டைக் கட்ட வேண்டாம். வியன்னாவைச் சேர்ந்த நிறுவனமொன்று 2008 முதல் வெளியிட்டுவரும் பிராக்ஸ்மாக்ஸ் திறமூலம். சந்தா இல்லாமலே முழுதாக இயங்கும். நுழையும்போதெல்லாம் "சந்தா இல்லை" என்று ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும், அதை மூடிவிட்டுப் போகலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஹோஸ்ட் இலவசம் என்பதால் உள்ளே ஓடும் விண்டோஸ் இலவசமாகிவிடாது.

"எதற்கு இந்த வம்பு, கிளவுடில் எடுத்துவிடலாமே" என்பார் இன்னொருவர். ஊர் உலகம் பார்க்கும் இணையதளம் என்றால் அவர் சொல்வதே சரி; அதை வீட்டு இணைப்பில் வைக்காதீர்கள். ஆனால் 16 ஜிபி ராமும் 500 ஜிபி வட்டும் மாத வாடகைக்கு என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். ஓராண்டு வாடகையிலேயே பெரும்பாலும் ஒரு செகண்ட் ஹேண்ட் பெட்டி வந்துவிடும். வீட்டு இணைப்புக்குப் பொது ஐபி முகவரி கிடைக்காது என்பதும் இன்று பெரிய தடையில்லை. டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் வழியாக வெளியூரிலிருந்தும் பெட்டிக்குள் நுழையலாம்.

எதிர்த்தரப்பு சொல்வதில் மறுக்க முடியாதவையும் இருக்கின்றன. ஒற்றை பவர் அடாப்டர், பெரும்பாலும் ஒற்றை நெட்வொர்க் போர்ட். தொலைவிலிருந்து இயக்க உதவும் இன்டெல் வி-ப்ரோ வசதியுள்ள கம்பெனிப் பெட்டிகளைத் தவிர மற்றவற்றில், திரை இணைக்காமல் பயாஸைத் தொட வழியில்லை. இன்டெல் ஐ219 நெட்வொர்க் சில்லுள்ள பழைய பெட்டிகள் சில, சுமை ஏறும்போது இணைப்பைத் தொங்கவிடும் என்பதும் வதந்தியல்ல. டிஎஸ்ஓ என்ற அமைப்பை அணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். 2024 தொடக்கத்தில் சீன நிறுவனமொன்றின் மினி பிசிகளில் ஆலையிலிருந்து வரும்போதே ஸ்பைவேர் இருந்தது தெரியவந்தது. ஆகவே வந்த வட்டை அப்படியே ஓட்டாமல் அழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். 2025 இறுதியில் ராம் விலை ஏறத் தொடங்கியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ராம் இல்லாத பெட்டியை மலிவு என்று வாங்கினால் பிறகு கையைச் சுடும். மருத்துவமனைக்கோ வங்கிக்கோ இந்தப் பெட்டியை நான் பரிந்துரைக்கவில்லை.

ஆனால் பெட்டி செத்துப்போனால் எல்லாம் போய்விடும் என்று சொல்வதில் மட்டும் ஒரு புரட்டு இருக்கிறது. மெய்நிகர்க் கணினி முழுவதையும் பிராக்ஸ்மாக்ஸ் ஒரே பேக்கப் கோப்பாக எடுத்துத் தரும். அதை வேறொரு மினி பிசியில் ஏற்றினால் பேக்கப் எடுத்த இடத்திலிருந்து வேலை நடக்கும். பேக்கப் இல்லாவிட்டால், இரட்டை பவர் சப்ளை உள்ள சர்வரிலும் எல்லாம் போய்விடும்.

ஆகவே வாங்கப் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை வெளிவட்டுக்குத் தனியாக எடுத்து வையுங்கள். இரவு பேக்கப்பை முதல் நாளே அமையுங்கள். எடுத்த பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு மெய்நிகர்க் கணினியை ரீஸ்டோர் செய்து, அது எழுகிறதா என்று பார்த்த பிறகே உங்கள் புகைப்படங்களை அதில் ஏற்றுங்கள்.