கல்லில் வெட்டிய பெயர்கள்

2022 மார்ச்சில் மகன் வீட்டுக்குத் துபாய் போனபோது பார்த்த எக்ஸ்போவைப் பற்றி எழுதச் சொல்லி இன்னும் சிலர் கேட்கிறீர்கள்.

192 நாடுகள் வந்திருந்தன. என் முழங்காலுக்கு எட்டியது பதினோரு அரங்கு. நம் இந்திய அரங்கில் விண்வெளி, யோகா எல்லாம் பெரிய பெரிய திரையில். கண் நிறைந்தது, மனசில் தங்கவில்லை. நெதர்லாந்துக்காரர்கள் பாலைவனக் காற்றிலிருந்து தண்ணீர் எடுத்துச் செடி வளர்த்துக் காட்டினார்கள். தைலமரம் நட்டுக் கண்மாயைக் காயவிட்ட ஊர்க்காரிக்கு அங்கே நிற்கக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. பேரன் எதையும் பார்க்கவில்லை. எக்ஸ்போ பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கவே ஓடினான். (சித்தன்னவாசலில் ஓவியத்தைப் பார்க்காமல் குறிப்பேட்டை நிரப்பியவர்கள்தானே நீங்களும்!)

என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது எந்த நாட்டு அரங்கும் இல்லை. அதையெல்லாம் கட்டிய 2 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருந்த நினைவுச்சின்னம்தான். நான் போனபோது அங்கே கூட்டமே இல்லை. நம்மூரில் ஒரு வகுப்பறை கட்டினாலும் திறந்து வைத்தவர் பெயர்தான் கல்லில் இருக்கும். கொத்தனார் பெயர் இராது. "பெயர் வெட்டிட்டா பட்ட வெயிலும் வாங்கின கூலியும் சரியாயிடுமாம்மா?" என்றான் மகன். ஆகாதுதான். அதற்காகப் பெயரும் வேண்டாமென்று விடலாமா?

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன் ஒருவன் அங்கே சாரம் கட்டினான். வருகைப் பதிவேட்டில் தேடுவதுபோல் விரல் வைத்துத் தேடினேன். அவன் பெயரில் பல பேர். எது அவன் என்று தெரியவில்லை. ராத்திரி போனில் சொன்னேன்.

"வேலை முடிஞ்சப்புறம் நான் உள்ளேயே போகலை டீச்சர். போட்டோ எடுத்தீங்களா?"

"எல்லாத்தையும் எடுத்திருக்கேன்டா."