காதைப் பொத்திக்கொண்டு தோண்டுவதா?

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 செப்டம்பர் 8 அன்று ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்களுக்கும், மத்திய அரசின் பட்டியலில் உள்ள முக்கியக் கனிமங்களுக்கும் சுரங்கம் தோண்ட இனி மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். சுரங்கம் சிறியதோ பெரியதோ, பரிசீலனை டெல்லியில்தான். மாநில அளவிலான மதிப்பீட்டு ஆணையத்துக்கு அதில் வேலையில்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், நாட்டின் பாதுகாப்பு தொடர்பான திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்குத் தரும் ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, கடற்கரை மணல் முதல் மலையடிவாரம் வரை எல்லாவற்றையும் அதற்குள் திணித்துவிட்டார்கள். இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

கனிமமே வேண்டாம் என்பது நம் வாதம் அல்ல. திருச்சியில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லவும் முடியாது. திருவெறும்பூர் வட்டாரத்தில் இருக்கும் ஹெச்.ஏ.பி.பி. தொழிற்சாலைக்கு உயிரே டங்ஸ்டன்தான். அந்த உலோகத் தூளை நிக்கல், இரும்போடு கலந்து அழுத்தி, உலையில் இறுக்கி, பீரங்கிக் குண்டின் ஊடுருவித் தண்டுகளைச் செய்கிறார்கள். துவாக்குடியில் பெல் நிறுவனத்துக்கு வேலை செய்யும் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும், டிக் வெல்டிங் போடுபவர் டங்ஸ்டன் ராடைக் கிரைண்டரில் பிடித்து முனை சீவிக்கொண்டிருப்பார். ஸ்ரீரங்கம் உத்தர வீதிகளில் சத்தமில்லாமல் போகும் மின்சார ஸ்கூட்டரின் மோட்டார் காந்தத்தில் இருக்கும் அருமண்ணும், பேட்டரியில் இருக்கும் லித்தியமும் இதே பட்டியலில் உள்ளவைதான். 2025 ஏப்ரலில் சீனா 7 அருமண் தனிமங்களுக்கும் அவற்றில் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது, நம் வாகன ஆலைகள் காந்தத்துக்காகத் திண்டாடின. பிறர் கையில் இருக்கும் குழாயை நம்பி வீடு கட்டக் கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

ஆனால் இந்தத் தட்டுப்பாட்டுக்கு மக்கள்தான் காரணமா? ஜம்மு-காஷ்மீரின் ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியத் தாது இருப்பதாக 2023 பிப்ரவரியில் அறிவித்தபோது, இனி நாம்தான் லித்திய வல்லரசு என்று கொண்டாடினார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஏலத்துக்கு வந்த முதல் 20 கனிமத் தொகுதிகளில் ரியாசியும் ஒன்று. போதுமான நிறுவனங்கள் ஏலம் கேட்க முன்வரவில்லை. ரியாசி உட்பட 13 தொகுதிகளின் ஏலம் ரத்தானது. அங்கே எந்த ஊராட்சி மறியல் செய்தது? எந்தக் கிராமசபை குறுக்கே படுத்தது?

அருமண் கதையும் இப்படித்தான். நம்மிடம் 69 லட்சம் டன் இருப்பு உண்டு. உலக வரிசையில் முன்னணி இடம். ஆனால் காந்தம் செய்யும் பெரிய ஆலை கிடையாது. அதனால் பொதுத்துறையான ஐ.ஆர்.இ.எல். பிரித்தெடுத்த பொருள் 2012-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜப்பானுக்குக் கப்பலேறியது. 1950-ல் தொடங்கிய நிறுவனம் அது. காந்த ஆலைகளுக்கென்று 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2025 நவம்பரில். இடையில் போன 75 ஆண்டுகளை எந்த மீனவர் தடுத்தார்? குற்றம் திட்டமிடத் தெரியாதவர்கள் மேல். தண்டனை மட்டும் குமரிக் கடற்கரையின் மணவாளக்குறிச்சிக்கு.

கருத்துக்கேட்புக் கூட்டம் என்றால் என்னவென்று டெல்லிக்குத் தெரியாதது அல்ல. முப்பது நாள் முன்னதாக அறிவிப்பு. திட்ட அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்த, மாவட்ட ஆட்சியரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தலைமை தாங்க, கேமரா பதிவு செய்ய, வந்தவர்கள் பேசுவார்கள். அவ்வளவுதான். மக்கள் வேண்டாம் என்றால் திட்டம் நின்றுவிடும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. எழுந்த கேள்விகளுக்கு நிறுவனம் பதில் சொல்ல வேண்டும் என்பது மட்டுமே கட்டாயம். அந்தப் பதில் சொல்லும் கடமையைத்தான் இப்போது ரத்து செய்திருக்கிறார்கள். தடையை நீக்கியதாகப் பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை. (இருந்த நாளிலும் பல கூட்டங்கள் பேருக்குத்தான் நடந்தன என்பது வேறு விஷயம். கூட்டம் ஒழுங்காக நடக்கவில்லை என்றால் ஒழுங்காக நடத்த வேண்டும். கூட்டத்தையே எடுத்துவிடுவது என்ன நியாயம்?)

கேட்காமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அரிட்டாப்பட்டி இருக்கிறது. மேலூர் வட்டாரத்தில் சுமார் 5,000 ஏக்கர் கொண்ட நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியை, 2024 நவம்பர் 7 அன்று ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஒதுக்குவதாக அறிவித்தார்கள். அந்த வரைபடத்துக்குள் சமணர் படுக்கையும், தமிழி கல்வெட்டும், பாண்டியர் காலக் குடைவரையும் இருந்தன. 2022-ல் தமிழக அரசு முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடமும் அதே வரைபடத்துக்குள்தான். ஏலம் விட்டவர்களுக்கு இது தெரியாதா, தெரிந்தும் பொருட்படுத்தவில்லையா? இரண்டில் எது உண்மை என்றாலும் வெட்கக்கேடு. சட்டமன்றம் டிசம்பர் 9-ல் தீர்மானம் போட்டது. ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானோர் நடந்து வந்தார்கள். இடையில், எல்லையை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறோம் என்று பேரம் பேசிப் பார்த்தது மத்திய அரசு. கடைசியில் 2025 ஜனவரி 23-ல் ஏலம் ரத்து. ஏலத்துக்கு முன் அந்த ஊர் மந்தையில் ஒருநாள் உட்கார்ந்து கேட்டிருந்தால், இரண்டரை மாதப் போராட்டமும் மிச்சம், அரசின் மானமும் மிச்சம். அதிலிருந்து அரசு படித்த பாடம், அடுத்த முறை கேட்க வேண்டும் என்பதல்ல. கேட்கும் சடங்கையே ஒழித்துவிட வேண்டும் என்பது.

மணவாளக்குறிச்சியின் கதை இன்னும் பழையது. தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போன மணலில் மோனசைட் இருப்பதை 1909-ல் ஜெர்மன் வேதியியலாளர் ஷோம்பெர்க் கண்டுகொண்டதிலிருந்து, அந்தக் கரையின் மணல் உலகத்துக்கு வேண்டியதாகிவிட்டது. மோனசைட்டில் அருமண் உண்டு. கூடவே கதிர்வீச்சு உள்ள தோரியமும் உண்டு. கிள்ளியூர் வட்டாரத்தில் இன்னொரு 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கத் திட்டம் போட்டு, 2024 அக்டோபர் 1-ல் கருத்துக்கேட்பு நடத்துவதாக இருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைத்தார்கள். எங்கள் ஊரில் புற்றுநோய் அதிகம் என்று கடலோர மக்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். அந்த அச்சம் சரியென்றால் மருத்துவம் வேண்டும். தவறென்றால் ஆதாரத்தோடு விளக்க வேண்டும். இரண்டையும் செய்ய அந்தக் கூட்டம்தான் இடம். இப்போதைய குறிப்பாணையின்படி அந்தக் கூட்டமே தேவையில்லை. 2026-27 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாடு உட்பட நான்கு மாநிலங்களுக்கு அருமண் வழித்தடம் அறிவித்திருக்கிறார்கள். வழித்தடம் யார் வாசல் வழியாகப் போகிறது என்பதை வாசலுக்கு உரியவர்களிடம் சொல்லக்கூடாதா?

கரையோரத்தில் வாழ்பவர்கள் சொல்வதைக் கேட்காததற்கு ஸ்ரீரங்கம் தீவு கொடுத்த விலை நமக்கு மறந்திருக்காது. கொள்ளிடத்தில் மணல் அள்ளி அள்ளிப் படுகை இறங்கிவிட்டது என்று விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் கத்தினார்கள். 2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்தது. திருவானைக்காவலுக்கும் நம்பர் ஒன் டோல்கேட்டுக்கும் இடையே இருந்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அடுத்த சில நாளில், 22-ஆம் தேதி இரவு, முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டியது, பழசு, வெள்ளம் அதிகம் என்றது அன்றைய அரசு. மணல்தான் காரணம் என்றார்கள் கரையோர மக்கள். புதிய கதவணைக்கு 387 கோடி ரூபாய்க்கு மேல் ஆனது. அந்தப் பணம் எந்த மணல் லாரியின் வருமானத்திலிருந்தும் வரவில்லை.

சட்டப்படியும் இந்தக் குறிப்பாணை நிற்காது. அறிவிக்கையில் உள்ளதை நிர்வாகச் சுற்றறிக்கையால் மீற முடியாது என்று 2020-லேயே அலெம்பிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று.

மாநில அரசுக்கும் இதில் பங்கு உண்டு. குறிப்பாணையைத் திரும்பப் பெறக் கோரி 2025-ல் முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், நல்லது. ஆனால் தென் மாவட்டக் கடற்கரையில் தனியார் நிறுவனங்கள் பல ஆண்டுகள் தாதுமணலை அள்ளியபோது சென்னைக் கோட்டையில் இருந்தவர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டுதானே இருந்தார்கள்? 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விவகாரத்தை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்து, 5,832 கோடி ரூபாய் வசூலிக்கும் நடவடிக்கையையும் உறுதி செய்தது. வேலியே பயிரை மேய்ந்த அந்த ஆண்டுகளில் எவ்வளவு முக்கியக் கனிமம் கப்பலேறியிருக்கும்!

தோண்டாமலே கையில் இருப்பதை என்ன செய்கிறோம்? துவாக்குடி லேத் பட்டறைகளில் முனை மழுங்கிய கார்பைடு டிப்புகள் ஒரு டப்பாவில் சேரும். நிறைந்ததும் பழைய இரும்புக்காரர் கிலோ கணக்கில் எடை போட்டு வாங்கிப் போவார். பெரும்பகுதி டங்ஸ்டன், கொஞ்சம் கோபால்ட். பிறகு அது எங்கே போகிறது என்று எந்த அரசுக் கணக்கிலும் தேட முடியாது. 2022-ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளின் கீழ் மறுசுழற்சிச் சான்றிதழுக்குக் கணக்கிட எடுத்துக்கொண்ட உலோகங்கள் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகிய நான்குதான். நான்கும் காயலாங்கடையில் யாரும் சொல்லாமலே பிரித்தெடுப்பவை. ஹார்ட் டிஸ்க்கிலும் ஸ்பீக்கரிலும் உள்ள அருமண் காந்தம் இரும்போடு இரும்பாக உருகிப்போகிறது. தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு அரசு ஒதுக்கிய 16,300 கோடியில் மறுசுழற்சிக்கு 1,500 கோடி. முன்னுரிமை எங்கே இருக்கிறது என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது. உலோகவியலுக்குத் தனித்துறை வைத்திருக்கும் என்.ஐ.டி.யும், டங்ஸ்டனைத் தூளாக்கி ஆயுதம் செய்யும் ஆலையும் ஒரே வட்டாரத்தில் இருக்கும் திருச்சியில் மீட்பு ஆலை ஒன்றைத் தொடங்க எந்த மலையையும் உடைக்க வேண்டாம்.

செப்டம்பர் 8 குறிப்பாணையை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் உடனே திரும்பப் பெற வேண்டும். டங்ஸ்டன், கோபால்ட், அருமண் மூன்றையும் மறுசுழற்சிச் சான்றிதழுக்குள் கொண்டுவர வேண்டும். கிள்ளியூரில் தள்ளிவைத்த கூட்டத்தை, முழு அறிக்கையையும் தமிழில் கொடுத்து, மக்கள் உடல்நலம் பற்றிய ஆய்வோடு, அந்தக் கடலோர ஊர்களிலேயே நடத்த வேண்டும். அதற்கு முன் அங்கே ஒரு மண்வெட்டியும் இறங்கக் கூடாது.