மூக்கில் அடிக்கும் மருந்தும் டீக்கடைப் பாடமும்

சித்திரை மாதம் அக்கா மகள் கைபேசியை என் முன்னே நீட்டினாள். "மாமா, இதைப் படிச்சுச் சொல்லுங்க. பையனுக்கு வாங்கலாமா?" அவள் மகனுக்கு வயது 27. ஆட்டிசம். விளம்பரத்தில் இருந்தது, மூக்கில் அடிக்கும் ஆக்ஸிடோசின் மருந்து.

மாடு வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். பால் இறங்குவதற்காகச் சிலர் திருட்டுத்தனமாகப் போடுகிற ஊசி இதுதான். பிரசவத்தில் கர்ப்பப்பை சுருங்கவும் இதையே கொடுக்கிறார்கள். கன்று மடியை முட்டினால் பசுவுக்கும், பிள்ளைக்குப் பால் கொடுக்கையில் தாய்க்கும் தானாகச் சுரக்கும் ஹார்மோன். பாசத்தோடு சம்பந்தப்பட்டது, ஆட்டிசம் உள்ளவர்களுக்கு உதவாதா என்று விஞ்ஞானிகள் கேட்டதில் நியாயம் உண்டு.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். குமாஸ்தாவாக இருந்த காலம் முழுதும் அந்த மொழி ஒரு கோப்புக்கும் உதவவில்லை. இப்போது உதவியது. பிரான்சின் லியோன் நகரில் ஆஞ்செலா சிரிகு அம்மையாரின் குழு 2010-இல் வெளியிட்ட சோதனையைப் பற்றிப் படித்தேன். ஆட்டிசம் உள்ள 13 பேர் மருந்தை மூக்கில் இழுத்துவிட்டு, கணினியில் பந்து எறியும் ஆட்டம் ஆடினார்கள். தமக்குப் பந்தைத் திருப்பித் தருபவர் யாரென்று கண்டுகொண்டு அவருக்கே அதிகம் எறிந்தார்கள். முகப்படங்களில் கண்களையும் கூடுதலாகப் பார்த்தார்கள்.

ஆனால் அது ஒரு வேளை மருந்து. பிறகு ஜப்பானில் 106 ஆண்களுக்கு ஆறு வாரம் கொடுத்தார்கள். அமெரிக்காவில் 3 முதல் 17 வயது வரை 290 பேரைச் சேர்த்து 24 வாரம் சோதித்து, 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டிலும், பழகும் திறனில் மருந்துக்கும் போலி மருந்துக்கும் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை.

இரண்டிலும் சோதித்தது மருந்தை மட்டும்தான். மருந்து மனசைச் சற்றுத் திறக்கும் என்றே வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, பஸ்ஸில் இடம் கேட்பது எப்படி, பேச்சை ஆரம்பிப்பது எப்படி என்று பழக்க வேண்டாமா? மருந்தையும் பயிற்சியையும் சேர்த்து, பெரியவர்களிடம் பெரிய அளவில் சோதித்துப் பலன் நிச்சயமாகட்டும். அதுவரை காசைக் கரியாக்காதே என்றேன்.

அந்தப் பயிற்சிக்கு எங்கே போவது? அவள் ஏறிய ஓர் இடத்தில், "பெரியவங்களை எடுக்கறதில்லைம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மத்திய அரசுத் திட்டம் 18 வயதோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு, 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான குழுவிடம் பாதுகாவலர் சான்று வாங்கலாம். நல்ல ஏற்பாடு, பழைய குமாஸ்தா நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவனுக்காகக் கையெழுத்துப் போடுவது யார் என்பதைத்தான் அந்தக் காகிதம் தீர்க்கும். ஆட்டிசம் 18 வயதோடு விட்டுப்போகிற சமாச்சாரமா? மாவட்டத்துக்கு ஒரு பயிற்சியாளராவது பெரியவர்களுக்கென்று வேண்டும்.

இப்போதைக்கு அந்தப் பயிற்சியாளர் நான்தான். பௌர்ணமிக் கூட்டம் இல்லாத நாட்களில் காலை ஆறு மணிக்கு அவனைக் கிரிவலப் பாதை டீக்கடைக்கு அழைத்துப் போகிறேன். முதல் மாதம் காசை மேஜையில் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவான். போன செவ்வாய்க்கிழமை கடைக்காரர் முகத்தைப் பார்த்து, "ஒண்ணு சர்க்கரை இல்லாம" என்றான். சர்க்கரை வியாதி எனக்குத்தான்.