மடிப்பில் மறையும் கரை

கொலு முடிந்து பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தோம். செட்டியாரம்மாவை ஒரு கையிலும் குறத்தியை மறு கையிலும் பிடித்தபடி என் மகள் கேட்டாள்: "ஏம்மா, குறத்தி புடவையில கரை நேராப் போகுது. இவங்க புடவையில மட்டும் ஏன் நடுவுல அறுந்துபோயிருக்கு? வரைஞ்சவங்க மறந்துட்டாங்களா?"

இரண்டும் என் தாயார் எனக்குத் தந்த காகிதக்கூழ்ப் பொம்மைகள். பெருங்களத்தூருக்குக் குடிவந்தபோது பாத்திரங்களுக்கு முன்னதாக இவைதாம் வீட்டுக்குள் வந்தன. குழந்தையின் கேள்விக்கு விடை எளிது. செட்டியாரம்மா சம்மணமிட்டு அமர்ந்திருக்கிறாள். முழங்காலில் புடவை மடிந்து உள்ளே போகிறது. கரையும் அந்த மடிப்போடு மறைந்து, அடுத்த மேட்டில் அரை விரற்கடை தள்ளி மறுபடி வெளிப்படுகிறது. வரைந்தவர் மறக்கவில்லை. புடவை எப்படி விழும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

கூழை அச்சில் எடுத்துக் காயவைத்து, தேய்த்து, வெள்ளைப் பூச்சுக் கொடுத்த பிறகுதான் வண்ணம் ஏறுகிறது. அடி நிறம் முதலில். மடிப்பின் பள்ளத்தில் அதே நிறத்தின் ஆழ்ந்த சாயல் அடுத்து. கரையும் புட்டாவும் கடைசியில். அச்சு தரும் மடிப்பு பெரும்பாலும் மேலோட்டமானது. அதை உண்மையான மடிப்பாக்குவது தூரிகையே.

அளவு இன்னொரு சிக்கல். ஒரு சாண் உயரப் பொம்மையில் காஞ்சிபுரத்துத் தாழம்பூ ரேக்கையோ மயில்கண்ணையோ அப்படியே சுருக்கி வரைந்தால் மிஞ்சுவது கறைதான். ஆகவே வரைபவர் துணியைச் சுருக்குவதில்லை. அதன் அடையாளத்தைத் தேர்கிறார். வரிசையாய் நான்கு கூர்முனைகள் வைத்தால் கோபுரக் கரை. இரண்டு நேர்கோட்டுக்கு நடுவே புள்ளிகள் வைத்தால் ருத்திராட்சம். பொருநராற்றுப்படைப் புலவர் நுண்ணிய ஆடையைச் சொல்ல வந்தபோது அதன் பூக்களை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. பாம்பின் உரியை உவமை காட்டினார். பொம்மைக்காரரும் அந்த வழிக்காரர்தாம்.

காஞ்சிப் பட்டுக்கு 2005-06ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதே ஊரின் பொம்மைக்காரத் தெருவில் பட்டைத் தூரிகையால் நெய்பவர்கள் இருக்கிறார்கள். தறியில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் கோக்கும் கோர்வையைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் களிமண்ணிலும் கூழிலும் அதே கரையை மடித்துக் காட்டுகிறவரின் அறிவை அறிவென்று கருதுவதில்லை. பொம்மை என்றால் கண் திறப்பதைத்தான் வியக்கிறோம். மரப்பாச்சிக்கு உண்மைத் துணியைச் சுற்றிவிடலாம். செப்புத் திருமேனியில் உளியால் கீறிய கோடுகள் ஆடையாகின்றன. கொலு பொம்மைக்கோ பூச்சு ஒன்றே ஆடை. அது போனால் எல்லாம் போயிற்று.

போகச் செய்தவள் நானே என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் குறத்தியின் வண்ணம் ஆங்காங்கே உதிர்ந்திருந்தது. அக்கம்பக்கத்தில் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிற ஒருவரிடம் கொடுத்து, "புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்க" என்றேன். அவர் நான் கேட்டதைத்தான் செய்தார். எனாமல் பளபளத்தது. அச்சுத்தாளை வைத்து ஒற்றிய பொன்னிறக் கரை, மடிப்பு மேடு எதையும் பாராமல் இடுப்பிலிருந்து பாதம்வரை ஒரே நேராய் இறங்கியது. பார்த்தவுடன் அழகாகத்தான் இருந்தது. எதை இழந்தேன் என்று புரிய ஒரு வாரம் ஆயிற்று. கிரேக்கத்துத் தனக்ராவில் 1870களில் கல்லறைகளிலிருந்து வெளிவந்த சுடுமண் பெண்ணுருவங்களில் வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. ஆயினும் மடிப்புகள் மண்ணிலேயே நிற்கின்றன. என் குறத்திக்கு அந்தப் பேறும் இல்லை. அவளுடைய மடிப்பு வண்ணத்தில் மட்டுமே இருந்தது.

அச்சுத்தாளும் தெளிப்பானும் குற்றமென்று நான் வாதிடவில்லை. நவராத்திரிக்கு முன் சில மாதங்களில் ஆண்டு முழுமைக்குமான வருவாயைத் தேட வேண்டியவரிடம், ஒரு கரைக்கு அரைநாள் செலவிடு என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? மயிலாப்பூர் மாடவீதியில் நாம் பேரம் பேசும் முறையை எண்ணிப் பாருங்கள். பொம்மை எத்தனை அங்குலம் என்று கேட்கிறோம். உயரத்துக்கு விலை பேசுகிறோம். கரை மடிப்பில் மறைகிறதா என்று யார் கேட்கிறோம்? கேட்காத ஒன்றை எவர் விற்பார்?

என்னை உறுத்துவது மகளின் கேள்விதான். தவறானது அவளுக்குச் சரியாகவும், சரியானது பிழையாகவும் தெரிந்தது. ஒரு கலை அழிவதற்குக் கலைஞர் மறைய வேண்டியதில்லை. பார்க்கிறவரின் கண் மாறினால் போதும். அந்தக் கண்ணை மீட்பது வாசகர்களாகிய நம் பொறுப்பு என்றே எண்ணுகிறேன்.

அன்றிரவு என் புடவை ஒன்றை அவளுக்குக் கட்டிவிட்டுச் சம்மணமிடச் சொன்னேன். முழங்காலைக் குனிந்து பார்த்தவள், "அட, இங்கேயும் அறுந்துடுச்சு" என்றாள்.

செட்டியாரம்மாவின் முந்தானையில் ஓரிடத்தில் வண்ணம் பெயர்ந்திருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும்.