சராசரி மாணவன் எங்கே இருக்கிறான்?

ஐந்து விரல்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பறைக்குள் நுழைந்தவுடன் இது மறந்து போகிறது. ஒரே பாடம், ஒரே வேகம், ஒரே தேர்வு! கேட்டால், "சராசரி மாணவனுக்காக நடத்துகிறோம்" என்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், சராசரி என்பது கூட்டி வகுத்தால் கிடைக்கும் ஓர் எண் மட்டுமே. 20 மதிப்பெண் வாங்கியவனுக்கும் 80 வாங்கியவனுக்கும் சராசரி 50. ஆனால் 50 வாங்கிய பிள்ளை அங்கே யாரும் இல்லை. இல்லாத பிள்ளைக்காகப் பாடம் நடக்கிறது. ஒருவன் புரியாமல் விழிக்கிறான். இன்னொருவன் சலித்துப்போய் ஜன்னலைப் பார்க்கிறான்.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. அதுவும் சாதாரண அரசுப் பள்ளிகளிலேயே நடந்திருக்கிறது. ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறையைப் பின்பற்றி, 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08-ல் தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. பாடங்கள் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரிக்கப்பட்டன. சுவரில் இருக்கும் ஏணிப்படியைப் பார்த்துத் தன் அடுத்த அட்டை எது என்று குழந்தையே தெரிந்துகொள்ளும். சில அட்டைகளுக்கு ஆசிரியர் உதவுவார், சிலவற்றுக்குச் சக மாணவர்கள் உதவுவார்கள், சிலவற்றைத் தானே முடிக்கும். கரும்பலகை குழந்தையின் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கி வந்தது. ஆசிரியரும் பாயில் உட்கார்ந்தார். காய்ச்சலில் பத்து நாள் வராத குழந்தை, விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். "மக்கு" என்ற பட்டத்துக்கு அங்கே வேலையில்லை.

இதில் குறைகளே இல்லை என்று சொல்ல முடியாது. அட்டையைக் கையில் கொடுத்தாலே போதும் என்று நினைத்த இடங்களில் இதுவும் ஒரு சடங்காகத்தான் ஆகும். ஆனால் எண்ணம் தவறில்லை. கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்ததும் இதே எண்ணத்தில்தான்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 2016-ம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, அனைவரையும் உள்ளடக்கிய கல்வி வேண்டும் என்கிறது. பல பள்ளிகள் வாசலில் ஒரு சாய்தளம் கட்டியதோடு கடமை முடிந்தது என்று நினைக்கின்றன. காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கு, ஆசிரியர் பலகையைப் பார்த்துப் பேசாமல் முகம் பார்த்துப் பேசினாலே பாதிப் பாடம் புரியும். எழுத்துகள் குழம்பும் பிள்ளையை வாயால் விடை சொல்லவிட்டால் அவனுக்கு எவ்வளவு தெரியும் என்பது தெரிந்துவிடும். இதற்கெல்லாம் பணம் வேண்டாம். மனமும், கொஞ்சம் நேரமும் வேண்டும்.

அந்த நேரம்தான் ஆசிரியருக்குக் கிடைப்பதில்லை. பதிவேடுகளைக் குறைத்து அதைக் கொடுக்க வேண்டியது அரசின் பொறுப்பு. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. ஆறாம் வகுப்பு வந்ததும் ஏணியை எடுத்துவிட்டு, மறுபடியும் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதை மாற்ற வேண்டும்.

"எத்தனை சதவீதம் தேர்ச்சி?" என்று மட்டும் கேட்கும் சமுதாயம், "இந்தப் பிள்ளை போன வருடம் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது?" என்றும் கேட்கப் பழக வேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்துவிட்டு, பொருந்தாத உடம்பைக் குறை சொல்வது என்ன நியாயம்?